அத்தை தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறுகிறார்

#1 | மூணுவாரக்காரி

வணக்கம். இங்கே ரொம்ப நாளா வாசிக்கிறேன், எழுதறது முதல் தடவை. நீளமாப் போனா பொறுத்துக்கோங்க.

என் மகளுக்கு ஏழு வயசு. பீட்டா தலசீமியா மேஜர், அதாவது உடம்பால போதுமான நல்ல ரத்தத்தைத் தானா உண்டாக்க முடியாத நோய். அவ எட்டு மாசக் குழந்தையா இருந்தப்போ கண்டுபிடிச்சாங்க. மூணு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்தணும். அதுக்கான மையம் எங்க வீட்டுல இருந்து பஸ்ல நாலரை மணி நேரம். நாலு வருஷமா அவளைக் கூட்டிட்டுப் போறது என் மாமியார்தான். அவங்களுக்கு 69 வயசு. வருஷத்துக்கு 17 தடவைன்னு வச்சாலும் 68 தடவை ஆச்சு. விடிகாலை 3:40 பஸ். திரும்பி வந்து படியேறும்போது ராத்திரி எட்டு, எட்டரை.

நான் வேலைக்குப் போறேன். குழந்தையோட வைத்தியம் என் வேலையில வர்ற காப்பீட்டுலதான் ஓடுது, அதனால ஒவ்வொரு லீவும் எண்ணித்தான் எடுக்கணும். கணவருக்கு வெளியூர் வேலை, மாசம் ஒரு தடவை வருவார்.

போன வாரம் மகள் பேச்சுவாக்குல சொன்னா: "ஆஸ்பத்திரி போற அன்னிக்குப் பாட்டி தண்ணியே குடிக்க மாட்டாங்கம்மா. குட்டி வெள்ளை மாத்திரையும் போட மாட்டாங்க. அது பஸ்ஸுக்கு ஆகாத மாத்திரையாம்."

அத்தைக்கு இதயம் பலவீனம். ரெண்டு வருஷமா நீர் மாத்திரை சாப்பிடறாங்க. போட்டா அடிக்கடி பாத்ரூம் போகணும், பஸ்ல எங்கே போறது? அதனால மாத்திரையை விட்டுடறாங்க, முந்தின நாள் ராத்திரியில இருந்தே தண்ணியையும் நிறுத்திடறாங்க. மறுநாள் கால் வீங்கியிருக்கறதை நானே பார்த்திருக்கேன். "அவ்வளவு நேரம் தொங்கப் போட்டே உக்கார்ந்திருந்தேன்ல, அதான்"னாங்க. நம்பிட்டேன்.

இனிமே நீங்க போக வேண்டாம்னு சொன்னேன். "நான் போகாம யார் போவா?" அவ்வளவுதான் பதில். இவங்களை எப்படி நிறுத்தறது?


#2 | வெண்பனிமலர்

படித்ததும் கண்கள் குளமாகிவிட்டன. பெற்ற தாயைவிட மேலான பாட்டி. இப்படிப்பட்ட தெய்வம் வீட்டில் இருக்கும்போது உங்கள் மகளுக்கு ஒரு குறையும் வராது.


#3 | மூணுவாரக்காரி

நன்றிங்க. ஆனா தெய்வத்துக்குக் கால் வீங்காது. எனக்கு வழி வேணும்.


#4 | இரவுப்பணி

ரத்தம் ஏத்தற டே கேர்ல 11 வருஷமா செவிலியரா இருக்கேன். பாட்டிகளை நிறையப் பார்த்திருக்கேன். உங்க அத்தை பண்றது நீங்க நினைக்கிற மாதிரி அபூர்வம் இல்லை. நீண்ட பயணம் வர்ற பெரியவங்க, அதுவும் பெண்கள், பாதிப் பேர் தண்ணி குடிக்காமத்தான் வர்றாங்க. யாரும் கேட்கறதில்லை, அவங்களும் சொல்றதில்லை.

முதல்ல மாத்திரை. வாயால சாப்பிடற நீர் மாத்திரைகள்ல பரவலா குடுக்கறது ஃப்ரூசமைட். அது ஒரு மணி நேரத்துக்குள்ள வேலை செய்ய ஆரம்பிச்சு, ஏறக்குறைய ஆறு மணி நேரம்வரைக்கும் இழுக்கும். அதனால பயண நாள்ல விடியக்காலைக்குப் பதிலா போய்ச் சேர்ந்ததும் போட்டுக்கலாமான்னு அவங்க இதய மருத்துவர்கிட்ட கேளுங்க. பல பேருக்கு நேரத்தை மாத்திக்க ஒத்துக்குவாங்க. நீங்களா மாத்தாதீங்க, வேற என்ன மாத்திரை சேர்ந்து ஓடுதுன்னு பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனா விட்டுடறதைவிடத் தள்ளிப் போடறது எவ்வளவோ மேல். தண்ணி எவ்வளவு குடிக்கலாம்னும் அளவு கேட்டுக்கோங்க. சுத்தமா நிறுத்தினா சிறுநீரகத்துக்குக் கெடுதல், ரத்த அழுத்தம் இறங்கி எழுந்திருக்கும்போது தலை சுத்தி விழுந்துடுவாங்க. கையில பிள்ளையை வச்சுக்கிட்டு.

தினமும் காலையில பாத்ரூம் போயிட்டு வந்ததும் எடை பாருங்க. மூணு நாள்ல ரெண்டு கிலோவுக்கு மேல ஏறினா அது சதை இல்லை, நீர். உடனே மருத்துவருக்குச் சொல்லணும்.

நாலு மணி நேரத்துக்கு மேல உக்கார்ந்தே போறவங்களுக்குக் கால்ல ரத்தம் உறையற ஆபத்தும் கூடும். ரெண்டு காலும் வீங்கினா ஒரு கதை. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா அது வேற கதை, காத்திருக்காதீங்க.


#5 | கடைசி_பெஞ்ச்

எல்லாரும் பாட்டியைப் பத்தியே பேசறீங்க. நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நாலு வருஷத்துல 68 தடவை. அதுல அம்மா எத்தனை தடவை போனாங்க? அப்பா எத்தனை தடவை? மாசம் ஒரு தடவை வர்றவர் அந்த ஒரு நாளை ஏன் ஆஸ்பத்திரி நாளா வச்சுக்கக் கூடாது? 'தியாகம்'னு ஒருத்தர் தலையில கட்டிட்டா மத்தவங்க எல்லாரும் நிம்மதியாத் தூங்கலாம், இல்ல?


#6 | வெண்பனிமலர்

ஒரு தாயிடம் பேசும் முறையா இது? அவரே நொந்துபோய் எழுதியிருக்கிறார்.


#7 | கடைசி_பெஞ்ச்

நொந்தவங்ககிட்ட உண்மை பேசக்கூடாதுன்னு சட்டமா?


#8 | நெறியாளர்

இருவரும் நிதானம். இழையைத் தொடங்கியவர் பதில் சொல்ல இடம் விடுங்கள்.


#9 | மூணுவாரக்காரி

கடைசி_பெஞ்ச் கேட்டதுல தப்பில்லை. கணக்கு சொல்றேன். நான் ஆறு தடவை. அவர் ரெண்டு.

காப்பீடு, லீவு எல்லாம் உண்மைதான். ஆனா முதல் பதிவுல நான் சொல்லாம விட்ட ஒண்ணு இருக்கு.

மகளுக்கு இதுன்னு தெரிஞ்சப்போ வீட்டுல எல்லாருக்கும் பரிசோதனை பண்ணாங்க. நானும் கணவரும் கேரியர், அதாவது நோய் இல்லாம அதோட மரபணுவை மட்டும் சுமக்கறவங்க. அவருக்கு யார்கிட்ட இருந்து வந்ததுன்னு பார்க்க அத்தையும் ரத்தம் குடுத்தாங்க. மாமா அப்பவே இல்லை. அத்தைக்கு ஹெச்பிஏ2ங்கற ஹீமோகுளோபின் வகை 5.2 சதவீதம் வந்தது. அவங்களும் கேரியர். அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு வார்த்தை சொன்னேன். "உங்க வீட்டுல இருந்து வந்த வியாதி, என் பிள்ளை அனுபவிக்கறா." நானும் கேரியர்தான்னு கையில காகிதத்தை வச்சுக்கிட்டே சொன்னேன்.

அவங்க ஒண்ணுமே சொல்லலை. அப்போ நான் வீட்டுலயே இருந்தேன், நான்தான் கூட்டிட்டுப் போவேன். மகளுக்கு மூணு வயசானதும் நான் வேலையில சேர்ந்தேன். அதுக்கப்புறம் வந்த முதல் ரத்த நாளுக்கு முந்தின ராத்திரி அவங்களே பையை எடுத்து வச்சுட்டாங்க. "காலையில எழுப்ப வேண்டாம், நானே எழுந்துக்கறேன்." அன்னையில இருந்துதான்.

அவங்க போறது அன்பா, நான் சொன்னதுக்குக் கட்டற வட்டியான்னு எனக்குத் தெரியலை. கேட்கவும் தைரியம் இல்லை.


#10 | இரவுப்பணி

இதைச் சொன்னதுக்கு நன்றி. டே கேர்ல தினமும் நடக்கற சண்டை இது. அப்பா வழியா, அம்மா வழியா. ரெண்டு வழியும் சேர்ந்தாத்தான் இந்த நோயே வரும், ஒரு வழியில மட்டும் வந்தா கேரியர், அவ்வளவுதான். ரெண்டு பேரும் கேரியரா இருந்தா ஒவ்வொரு கர்ப்பத்துலயும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துட்டா ரெண்டாவதுக்கு வராதுன்னு ஒரு நம்பிக்கை உலவுது, அது பொய்; ஒவ்வொரு தடவையும் சீட்டைப் புதுசாக் குலுக்கிப் போடற மாதிரி. ஹெச்பிஏ2 3.5 சதவீதத்துக்கு மேல இருந்தா கேரியரா இருக்கலாம்னு எடுத்துக்குவோம். அத்தைக்கு வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இருந்திருக்காது, லேசான சோகை தவிர. அவங்களுக்கு எப்படித் தெரியும்?

அத்தைகிட்ட ஒண்ணு சொல்லுங்க. இந்த மரபணு இத்தனை தலைமுறையா அழியாம இருக்கறதுக்குக் காரணம் மலேரியா. கேரியரா இருக்கறவங்களுக்குக் கடுமையான மலேரியாவுல இருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைச்சிருக்கு. ஜே.பி.எஸ். ஹால்டேன்ங்கற மரபியல் விஞ்ஞானி 1949-லயே இந்த யோசனையைச் சொன்னார். காய்ச்சல்ல செத்திருக்க வேண்டிய எந்தப் பாட்டனோ பாட்டியோ இதனால பிழைச்சதாலதான் இன்னிக்கு இந்தக் குடும்பமே இருக்கோ என்னவோ. நான் பெரியவங்களுக்கு இப்படித்தான் சொல்றது. சிலர் முகம் உடனே மாறும்.


#11 | தேய்பிறை

34 வயசு. அதே நோய். என்னை வளர்த்தது அம்மாச்சி.

என் காலத்துல இரும்பை எடுக்கற மாத்திரை எங்களுக்குக் கிடைக்கலை. ரத்தம் ஏத்தினா கூடவே இரும்பும் ஏறும், ஒரு பைக்கு 200 மில்லிகிராம் பக்கம். உடம்புக்கு அதை வெளியே தள்ள வழி கிடையாது. இதயம், ஈரல், சுரப்பிகள்னு போய்ப் படியும். அதை எடுக்க டெஸ்ஃபெரால். வயித்துல தோலுக்கடியில ஊசி குத்தி, சின்ன பம்ப்பை மாட்டிட்டுத் தூங்கணும். ஒரு ராத்திரிக்கு 10 மணி நேரம், வாரத்துல அஞ்சு ராத்திரி. நான் புரண்டா ஊசி பிடுங்கிக்கும். அதனால அம்மாச்சி என் இடுப்புல ஒரு கையை வச்சுக்கிட்டே படுத்திருப்பாங்க. அவங்க தூங்கி நான் பார்த்ததே இல்லை.

இதுவரைக்கும் எல்லாருக்கும் பிடிக்கற கதை. மீதியையும் கேளுங்க.

வீட்டுக்கு வர்ற ஒவ்வொருத்தரும் என்கிட்ட சொல்வாங்க: "உனக்காகப் பாட்டி எவ்வளவு கஷ்டப்படறாங்க பாரு, நீ பெரியவளாகி அவங்களை நல்லாப் பாத்துக்கணும்." நூறு தடவை கேட்டா அது என்ன ஆகும் தெரியுமா? நான் இருக்கறதே ஒருத்தருக்குக் கேடுன்னு ஆகும். 15 வயசுல நான் ஊசியை நிறுத்தினேன். போட்டுக்கிட்டேன்னு பொய் சொல்லிட்டு பம்ப்பைக் காலியா ஓட விட்டேன். என் கணக்குப்படி அம்மாச்சி தூங்கட்டும்னுதான். ஒரு வருஷத்துல, உடம்புல சேர்ந்த இரும்பைக் காட்டற ஃபெரிட்டின் அளவு 4800-க்கு ஏறிடுச்சு.

உங்க மகள் ஏழு வயசுலயே பாட்டி தண்ணி குடிக்கறதைக் கவனிக்கறா. இன்னும் கொஞ்ச நாள்ல கணக்கு போடவும் ஆரம்பிச்சிடுவா. அவ முன்னாடி 'தியாகம்'ங்கற வார்த்தையை யாரும் எடுக்காதீங்க. வெண்பனிமலர், உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன், தப்பா எடுக்காதீங்க.


#12 | வெண்பனிமலர்

தப்பாக எடுக்கவில்லை. நான் இந்தக் கோணத்தில் நினைத்துப் பார்த்ததே இல்லை.


#13 | பழைய_பேனா

நான் எழுபத்து மூன்று வயதுக்காரன். பாட்டியின் பக்கத்திலிருந்து ஒரு குரலும் இங்கே இல்லாததால் எழுதுகிறேன்.

'எப்படி நிறுத்துவது' என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா, அந்தக் கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் வயதில் மனிதர்கள் எங்களிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். முதலில் வண்டிச் சாவி, அப்புறம் வங்கிக் கணக்கு, பிறகு அடுப்படி. எல்லாம் எங்கள் நன்மைக்குத்தான். ஒரு நாள் காலையில் எழுந்தால் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. உங்கள் அத்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளில் அவர் இல்லாவிட்டால் ஒரு காரியம் நடக்காது. அதைப் பிடுங்கினால் கால் வீக்கம் வடியலாம், வேறொன்றும் வடிந்துபோகும்.

என் பேரனுக்கு வலிப்பு நோய். மருந்து நேரத்துக்கு அலாரம் வைத்து எழுப்பியவன் நான். பிள்ளைகள் ஒரு நல்ல எண்ணத்தில் தாதி ஒருத்தியை அமர்த்தினார்கள். மூன்று மாதம் நான் செய்தித்தாளை இரண்டு முறை படித்தேன்.


#14 | கடைசி_பெஞ்ச்

ஐயா, மன்னிக்கணும். வேலை வேணும்னா வேலை குடுக்கலாம். அதுக்காக இதயம் பலவீனமானவங்க விடிகாலை 3:40-க்குப் பட்டினியாப் பஸ் ஏறணுமா?


#15 | பழைய_பேனா

வேண்டாம்தான். நான் சொன்னது நாளைப் பிடுங்காதீர்கள் என்று; பஸ்ஸைப் பிடுங்கலாம்.


#16 | இரவுப்பணி

நடைமுறையில சில விஷயம் விட்டுப்போச்சு.

குழந்தையோட ரத்தமும் ஏத்தப்போற ரத்தமும் ஒத்துப்போகுதான்னு பார்க்கற கிராஸ் மேட்ச்சுக்குத்தான் பாதி நாள் போகும். முந்தின நாளே மாதிரி எடுத்து ரத்தப்பையை ஒதுக்கி வைக்க முடியுமான்னு கேளுங்க. சமீபத்துல ரத்தம் ஏத்தினவங்களுக்கு மாதிரி மூணு நாளுக்குள்ள எடுத்ததா இருக்கணும், அதுக்குள்ள வந்தா சரி. பக்கத்து ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்திட்டு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் பெரிய மையத்துக்கு வர்ற ஏற்பாடு சில இடத்துல உண்டு. கேட்டாத்தான் தெரியும். அங்கே வெள்ளணு நீக்கின ரத்தம் கிடைக்குதா, ஆர்ஹெச், கெல்ங்கற ரத்தத்தோட துணை வகைகளையும் பொருத்திப் பார்த்துத் தர்றாங்களான்னு விசாரிக்காம மாறாதீங்க.

அப்புறம் கையெழுத்து. பெத்தவங்க இல்லாம வர்ற குழந்தைக்கு ஏதாவது அவசரம்னா ஒப்புதல் யார் குடுக்கறதுன்னு நாங்க திண்டாடியிருக்கோம். பாட்டிக்கு எழுத்துல ஒரு அதிகாரக் கடிதம், உங்க ரெண்டு பேர் போன் நம்பர், குழந்தையோட ரத்த வகை, முன்னாடி ஏற்பட்ட ஒவ்வாமை. எல்லாம் ஒரே காகிதத்துல பையில இருக்கட்டும்.

அத்தை என்னென்ன பார்த்துக்கறாங்கன்னு என்னிக்காவது உக்கார்ந்து கேட்டிருக்கீங்களா?


#17 | மூணுவாரக்காரி

இல்லை. ஒரு தடவை டாக்டர்கிட்ட "என் எலும்பு மஜ்ஜையை எடுத்துக்கோங்க"ன்னு கேட்டாங்களாம், அது மட்டும் மகள் சொல்லித் தெரியும். அது முடியுமா?


#18 | இரவுப்பணி

பாட்டி கேட்காத டே கேர் கிடையாது! பொருந்தறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. கூடப் பிறந்தவங்களுக்கே நாலுல ஒண்ணுதான் முழுப் பொருத்தம். பெத்தவங்க பெரும்பாலும் பாதிதான் பொருந்துவாங்க, பாட்டி அதுக்கும் ஒரு படி தள்ளி. வயசும் இதயமும் வேற இடம் குடுக்காது.


#19 | மூணுவாரக்காரி

பத்து நாள் கழிச்சு எழுதறேன். நேத்து ரத்த நாள். லீவு போட்டுட்டு நான் போனேன். அத்தையை வீட்டுல விட்டுட்டு, அவங்க அக்கா மகளைத் துணைக்கு வச்சுட்டுப் போனோம். சண்டை இல்லை, மௌனம்தான். அது சண்டையைவிட மோசம்.

ஊசி போட நரம்பு கிடைக்கலை. ரெண்டு தடவை குத்தினாங்க, மகள் அழலை, என்னைத்தான் பார்த்தா. மூணாவது தடவைக்கு வேற செவிலியரைக் கூப்பிடப் போனாங்க. அப்போ மகள், "பாட்டிக்குப் போன் போடும்மா"ன்னா.

போட்டேன். அத்தை ஒரு நொடி யோசிக்கலை. "வலது கையில போன தடவை போட்டது, இந்தத் தடவை இடது. புறங்கையில சுண்டுவிரல் பக்கமா பாக்கச் சொல்லு. முன்னாடி வெந்நீர்ப் பையை அஞ்சு நிமிஷம் வை, பையில பக்கவாட்டு ஜிப்புல இருக்கு. அவளைச் சுவத்தைப் பார்த்துத் திருப்பாதே, ஊசியைப் பார்த்தாத்தான் கையை ஆட்டாம இருப்பா."

முதல் குத்துலயே ஏறிச்சு.

அதோட முடியலை. முதல் கால் மணி நேரம் சொட்டு மெதுவா ஓடணும், அப்போ பக்கத்துல இருந்து நகராதே, குளிருதுன்னு சொன்னாலோ இடுப்பு வலிக்குதுன்னாலோ சிஸ்டரைக் கத்திக் கூப்பிடு. பை மாத்தும்போது நம்பரைப் படிக்கச் சொல்லிக் கேளு, ஒரு தடவை வேற பை வந்து நான்தான் திருப்பி அனுப்பினேன். இதெல்லாம் போன்ல வரிசையா வந்துக்கிட்டே இருந்தது. வேற பை வந்த கதை எனக்குத் தெரியவே தெரியாது. நாலு வருஷமா "எல்லாம் நல்லபடியா முடிஞ்சது"ங்கற ஒத்தை வரிதான் வீட்டுக்கு வந்திருக்கு. நானும் அதுக்கு மேல கேட்டதில்லை.

திரும்பும்போது பஸ்ல நானும் தண்ணி குடிக்கலை. திட்டம் போட்டு இல்லை. ஏழு வயசுப் பிள்ளையைத் தூங்கற நிலையில சீட்டுல தனியா விட்டுட்டு எங்கே இறங்கிப் போறது?


#20 | தேய்பிறை

சுவத்தைப் பார்த்துத் திருப்பாதே. சரியாச் சொல்லியிருக்காங்க. என்னை எல்லாரும் திருப்பித்தான் வைப்பாங்க, அம்மாச்சி மட்டும்தான் பார்க்க விடுவாங்க.


#21 | கடைசி_பெஞ்ச்

என் முதல் பதிவுல கொஞ்சம் எகிறிட்டேன். மன்னிச்சுக்கோங்க. கணவர் கேள்வி மட்டும் இன்னும் அப்படியே நிக்குது.


#22 | மூணுவாரக்காரி

நிக்குது. அவர்கிட்ட இந்த இழையைக் காட்டினேன். படிச்சுட்டு ரொம்ப நேரம் பேசலை. இனி அவர் வர்ற நாளும் ரத்த நாளும் ஒண்ணா இருக்கற மாதிரி மாத்தியிருக்கார், முடியற மாசத்துல. எல்லா மாசமும் முடியாது, அது எனக்கும் தெரியும்.

அத்தையோட இதய மருத்துவரைப் பார்த்தோம். போய்ச் சேர்ந்ததும் மாத்திரை போட்டுக்கலாம்னார், தண்ணிக்கும் அளவு குடுத்தார். மூணு தடவையில ஒரு தடவை அத்தை வருவாங்க, கூட நானோ அவரோ இருப்போம். விடிகாலை பஸ் கிடையாது, முந்தின நாள் சாயங்காலமே போய் ஆஸ்பத்திரி பக்கத்துல தங்கறது. இதுக்கு அவங்க ஒத்துக்கிட்டது நான் சொல்லி இல்லை. "நீங்க சொல்லச் சொல்ல நான் நோட்டுல எழுதிக்கணும், அதுக்காவது கூட வரணும்"னு சொன்னேன். அதுக்குத்தான்.

ரெண்டு ராத்திரியா எழுதறோம். இதுவரை 14 பக்கம். நேத்து எழுதும்போது அந்தப் பழைய வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். இரவுப்பணி சொன்ன மலேரியாக் கதையையும் சொன்னேன். பேனாவை என் கையில திருப்பிக் குடுத்து, "அந்தக் கதை இருக்கட்டும். ஜுரம் வந்தா எந்த மருந்தை நிறுத்தணும்னு எழுதினியா?"ன்னாங்க.


#23 | இரவுப்பணி

இரும்பை எடுக்கற டெஃபெரிப்ரோன் மாத்திரையா? ஆமா, அதுல ஜுரமோ தொண்டை வலியோ வந்தா உடனே நிறுத்திட்டு வெள்ளணு எண்ணிக்கை பார்க்கணும். அத்தைக்கு எங்க டே கேர்ல வேலை தரலாம்.


#24 | மூணுவாரக்காரி

இன்னிக்கு ரத்த நாள். நானும் மகளும் மட்டும். அத்தை வரலை, போனும் பண்ணலை. சாயங்காலம் பஸ் ஏறினதும் நானே கூப்பிட்டேன். ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபின் 9.6னு சொன்னேன்.

"போன தடவை 9.4"ன்னாங்க. அப்புறம், "தண்ணி குடிச்சியா?"